கூப்பிட்டால் எடுப்பவர்

இடது கையின் இரண்டு விரல்களுக்கு நடுவே தாமிரக் கம்பி வழுக்கிக்கொண்டு ஓடியது. தையல் நூல் தடிமன்தான் இருக்கும். வலது கை கைப்பிடியைச் சுற்றிக்கொண்டிருந்தது. ஒரே வேகம், ஒரே இழுப்பு. உதடுகள் அசைந்தன, சத்தம் வரவில்லை. அவர் எண்ணிக்கொண்டிருந்தார்.

எரிந்துபோன மோட்டார்களுக்குப் புதிதாகக் காயில் கட்டும் கடை அது. எண்ணுகிறவரிடம் யாரும் பேசக் கூடாது என்பது அங்கே எழுதாத சட்டம். முதலாளியே வந்தாலும் காத்திருக்க வேண்டும். சுற்று ஒன்றிரண்டு குறைந்தாலும் மோட்டார் சூடேறும், மறுபடி எரியும், கடையின் பேர் கெடும். நான் அவருடைய கால் புண்ணைப் பார்ப்பதற்காகப் போயிருந்தேன். வார்னிஷ் வாடை வீசும் மூலையில் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

அப்போது போன் அடித்தது.

மூன்றாவது தடவை அடிப்பதற்குள் எடுத்துவிட்டார். எடுப்பதற்காக இடது கையை விட்டார். இழுத்துப் பிடித்திருந்த கம்பி தளர்ந்து, சுற்றியதெல்லாம் ஒன்றன் மேல் ஒன்று ஏறி, குருவிக் கூடு மாதிரி ஆனது.

"சொல்லுங்கண்ணே. இல்ல இல்ல, சும்மாதான் இருக்கேன். இன்னிக்கு ஒரு மோட்டார் வந்திருக்கு பாருங்க, மாவு மில்லுலேருந்து. மூடியைத் தொறந்தா உள்ள கரப்பான்பூச்சி குடும்பம். கூட்டுக் குடும்பம்ணே. பெரியப்பா சித்தப்பா எல்லாம் ஒண்ணா இருக்காங்க. நம்ம வீட்லகூட இவ்வளவு ஒத்துமை கிடையாது."

ஏழு நிமிஷம் பேசினார். எங்களிடம் அவர் ஏழு வாக்கியம் சேர்ந்தாற்போல் பேசி நான் கேட்டதில்லை. பிறகு போனை வைத்தார். சிக்கிய கம்பியைக் கத்தரித்து மேஜைக்கு அடியில் இருந்த தகர டப்பாவில் போட்டார். சுருளிலிருந்து புதுக் கம்பியை இழுத்து மாட்டினார். ஒன்றிலிருந்து ஆரம்பித்தார்.

அந்தக் காயிலுக்கு வேண்டியது இருநூற்று எண்பது சுற்று. போன் வந்தபோது இருநூற்றுப் பன்னிரண்டில் இருந்ததாக, அது முடிந்து என்னைக் கவனித்தபோது சொன்னார். எத்தனையில் விட்டோம் என்று குறித்து வைத்துக்கொண்டு எடுக்கக் கூடாதா என்றேன்.

"கையை விட்டா கம்பி தளர்ந்துடும் சிஸ்டரம்மா. தளர்ந்தா அப்புறம் அது காயில் இல்ல, சிக்கு."

"முடிச்சுட்டு நீங்களே கூப்பிடறது."

"அதுக்குள்ள அவரு பத்த வெச்சுடுவாரே."

என்ன பேச்சு இது, தன் தொழிலைக் கெடுத்துக்கொண்டு, என்று எனக்குக் கோபம்தான் வந்தது. இதைப் போன் செய்த அந்த டிரைவரிடம் நான் சொல்கிறேன் என்றேன். அவர் முகம் சுருங்கிவிட்டது.

"வேண்டாம் சிஸ்டரம்மா. தெரிஞ்சா கூப்பிட மாட்டாங்க."

வைத்தியத்துக்குப் போன இடத்தில் காதில் விழுந்ததை வெளியே சொல்லும் பழக்கம் எங்கள் தொழிலில் கிடையாது. வாயை மூடிக்கொண்டேன். அது சரிதானா என்று பின்னால் யோசித்திருக்கிறேன்.

யார் இந்த டிரைவர், எதற்கு இந்தப் போன் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

காயில்காரருக்கு அப்போது வயது ஐம்பத்து மூன்று. முப்பத்தேழு வருஷம் சிகரெட் பிடித்தவர். ஒரு காயில் முடிந்தால் ஒரு சிகரெட் என்பது அவர் கணக்கு. சிலருக்குப் புகை நெஞ்சில் இறங்கும். இவருக்குக் காலில் இறங்கியது. பாதத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்கள் சுருங்கிச் சுருங்கி அடைத்துக்கொண்டன. இடது காலில் சுண்டுவிரலை எடுத்தார்கள். குதிகாலில் ஒரு புண், ரூபாய் நாணயம் அகலத்துக்கு, ஆறு மாதமாக ஆறவில்லை. டாக்டர் சுற்றி வளைக்காமல் சொன்னார்: ஒரு சிகரெட்டும் கூடாது, பாதி சிகரெட்டும் கூடாது, பிடித்தால் அடுத்தது முழங்காலுக்குக் கீழே. இந்த நோயில் அதுதான் உண்மை. மருந்து பாதி வேலைகூடச் செய்யாது. புகையை விட்டால்தான் கால்.

வீட்டுக்குப் போய்க் கட்டுப் போடும் வேலைக்கு என்னை அனுப்பினார்கள். அப்படித்தான் பழக்கம்.

ஆஸ்பத்திரியில் செவ்வாய்க்கிழமை தோறும் இந்த நோய்க்காரர்கள் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். அங்கே சேர்ந்தவர்கள்தான் மூன்று பேர்: பஸ் ஓட்டும் ஒருவர், முடிவெட்டும் ஒருவர், இவர். டிரைவர் வாயாடி. அவர்தான் போன் நம்பர்களை வாங்கிக்கொண்டு சட்டம் போட்டார். "பிடிக்கணும்போல இருந்தா, பத்த வைக்கறதுக்கு முன்னாடி ஒருத்தரைக் கூப்பிடணும். அந்த ஆசை அஞ்சு நிமிஷம்தான்னு டாக்டரே சொல்லியிருக்காரு. அந்த அஞ்சு நிமிஷம் எடுத்தவரு ஏதாவது பேசணும். புத்திமதி மட்டும் சொல்லக் கூடாது. எவனாவது புத்திமதி சொன்னான், செவ்வாய்க்கிழமை மூணு பேருக்கும் டீ அவன் செலவு."

முதல் மாதம் முழுக்க சலூன்காரர் டீ வாங்கிக் கொடுத்தார். நாற்காலியில் உட்கார்ந்தவனுக்கு யோசனை சொல்லியே பழகிப்போன வாய்.

காயில்காரருக்கு ஒருநாளும் டீ வாங்க நேரவில்லை. அடுத்தவருக்குப் புத்தி சொல்ல நமக்கு என்ன யோக்கியதை என்று நினைக்கிறவர். அதை அடக்கம் என்று சொல்லவில்லை, நோய் என்றே சொல்லலாம். ஆஸ்பத்திரி வரிசையில் தன் முறை வந்தால் பின்னால் நிற்பவரை முன்னே அனுப்புவார். "நல்லா முன்னேறிட்டீங்க" என்று டாக்டர் சொன்னபோது, யாரைச் சொல்கிறார் என்று திரும்பிப் பார்த்தார். சொந்த வீட்டு வாசலிலேயே ஒருக்களித்துத்தான் நுழைவார். சின்ன வயதில் அவருடைய அப்பா, வந்தவர் போனவரிடமெல்லாம், "இவன் இருந்தாலும் ஒண்ணு, இல்லாட்டியும் ஒண்ணு" என்று சொல்வாராம். அப்பா போய் இருபது வருஷம் ஆகிறது. அந்த வாக்கியம் போகவில்லை.

கடை முதலாளி அவர் மனைவியின் தம்பி. காயில் கட்டும் வேலையை இவரிடம்தான் கற்றுக்கொண்டார். பிறகு துணிந்து கடை போட்டார். இவரைக் கூப்பிட்டு வேலைக்கு வைத்துக்கொண்டார். கெட்ட மனிதர் இல்லை. மாமா என்று மரியாதையாகத்தான் பேசுவார். ஆனால் கற்றுக் கொடுத்தவன் கற்றுக்கொண்டவனிடம் சம்பளம் வாங்கும்போது, இரண்டு பக்கமும் ஏதோ ஒன்று உறுத்தும். இவருக்கு அது உறுத்தக்கூட இல்லை. அதுதான் நியாயம் என்று ஒப்புக்கொண்டுவிட்டார்.

"என் தம்பிக்கு இவரு சொல்லிக் கொடுத்த வேலை. அதை யாராவது சொன்னா இவருக்கே கோவம் வருது, தன்னைத் திட்டின மாதிரி," என்பார் அவர் மனைவி. ஒரு பள்ளிக்கூடத்தில் ஆயா வேலை. சின்னக் குழந்தைகள் நாற்பது பேரை மேய்த்துவிட்டு வருகிறவர். "வீட்டுக்கு வந்தா நாப்பத்தி ஒண்ணாவது உட்கார்ந்திருக்கு" என்று புருஷனைக் காட்டுவார்.

இப்படிப்பட்டவர், சிகரெட்டை விட்டார். ஒரு நாளில் விட்டார். எட்டு மாதம் போனது, ஒன்பது போனது, பத்து போனது. மற்ற இருவரும் இடையில் ஒவ்வொரு தடவை வழுக்கி விழுந்து எழுந்தார்கள். இவர் விழவில்லை. குதிகால் புண்ணின் ஓரத்தில் கடுகளவு இளஞ்சிவப்பாக ஒரு புள்ளி தோன்றியது. அடுத்த வாரம் அது இரண்டானது. ஓரத்திலிருந்து தோல் ஒரு மெல்லிய விளிம்பாக உள்ளே நகர்ந்து வந்தது. நாற்பது வருஷமாகப் புண்களைப் பார்க்கிறேன். சாகக் கிடந்த சதையில் ரத்தம் மறுபடி வழி கண்டுபிடித்து வருவதைப் பார்க்கும்போது, இன்னமும் கையில் இருக்கும் பஞ்சை அப்படியே வைத்துக்கொண்டு சில விநாடி பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். அதற்குப் பழகவே முடியாது.

"காயிலு இரும்புய்யா. நாம ரெண்டு பேரும் தகரம்" என்று டிரைவர் பெஞ்சில் சொல்வார். அவர்கள் அப்படி நினைக்கக் காரணம் இருந்தது. அந்தப் பதினோரு மாதத்தில் டிரைவர் அவரைத் தினம் ஒரு தடவையாவது கூப்பிட்டிருப்பார். சலூன்காரர் வாரத்துக்கு மூன்று தடவை. இவர் அவர்களை ஒரு தடவைகூடக் கூப்பிட்டதில்லை. ஆசையே வராத மனிதர் என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

ஆசை வந்தது. நான் கட்டுப் போடப் போகும் காலை நேரத்தில், தேநீர் குடித்த உடனே வரும். கைவிரல்கள் சட்டைப் பைக்குப் போகும். அங்கே ஒன்றும் இருக்காது. வேட்டி மடிப்பைப் பிடித்துக்கொள்ளும். நெற்றியில் வேர்க்கும். பல்லைக் கடித்துக்கொண்டு அந்த ஐந்து நிமிஷத்தைத் தனியாகக் கடப்பார். போன் எட்டும் தூரத்தில் இருக்கும்.

"கூப்பிடுங்களேன். அதுக்குத்தானே நம்பர் வாங்கினது."

"அவங்க வேலையில இருப்பாங்க சிஸ்டரம்மா."

"நீங்களும் வேலையிலதானே இருக்கீங்க, அவங்க கூப்பிடறப்போ?"

"நான் வேற. என் வேலை எப்ப வேணா ஆரம்பிக்கலாம்."

ஒரு போன் எடுத்தால் என்ன கெடும் என்பது அவருக்குத் தெரியும்: இருநூறு சுற்று. அதே அளவு மற்றவர்களுக்கும் கெடும் என்று கணக்குப் போட்டார். டிரைவர் பஸ்ஸையே நடுரோட்டில் நிறுத்தி இறங்க வேண்டியிருக்கும். சலூன்காரர் கத்தியை ஒருவர் கழுத்தில் வைத்துக்கொண்டு பேச வேண்டியிருக்கும். அவ்வளவு செலவு வைக்க நான் யார் என்று நினைத்தார். காயில் சுற்றுகிறவருக்குத்தான் இப்படி ஒரு தப்புக் கணக்கு வரும்.

இனி நடந்ததை அவர் மனைவியும் டிரைவரும் சலூன்காரரும் தனித்தனியாக எனக்குச் சொன்னார்கள். மூன்றையும் சேர்த்து, மிகையைக் கழித்துவிட்டு எழுதுகிறேன். டிரைவர் சொன்னதில்தான் அதிகம் கழிக்க வேண்டியிருந்தது.

அது ஒரு புதன்கிழமை சாயங்காலம். முதலாளி கடையைப் பெருக்கிச் சுத்தம் செய்யும்போது மேஜைக்கு அடியில் இருந்த தகர டப்பாவை இழுத்தார். அது அசையவில்லை. இரண்டு கையாலும் பின்பக்கப் படிக்கு இழுத்துப்போய்க் கவிழ்த்தார். கத்தரித்துப் போட்ட புதுக் கம்பி, குவியல் குவியலாகக் கொட்டியது.

"என்ன மாமா இது?"

"கணக்குத் தப்பிடுச்சு தம்பி."

"இவ்வளவு தடவையா?"

அவர் துடைப்பத்தை வாங்கிக்கொண்டார்.

முதலாளி சத்தம் போடவில்லை. போட்டிருந்தால்கூடத் தேவலை என்று மனைவி பிறகு சொன்னார். அவர் மெதுவாக, ஒரு வயதானவரிடம் பேசுவதுபோல் பேசினார். "வயசாயிடுச்சு மாமா. எண்ணறது கஷ்டம்தான். நாளையிலேருந்து நீங்க காயில்ல உட்கார வேண்டாம். எரிஞ்ச மோட்டார்லேருந்து பழைய கம்பியை உருவுங்க. அது போதும்."

பழைய கம்பி உருவுவது புதிதாக வேலைக்கு வருகிறவனுக்கு முதல் நாள் கொடுக்கும் வேலை. உளியும் சுத்தியும் இருந்தால் போதும், எண்ண வேண்டியதில்லை.

"சரி தம்பி. நான் அதுக்குத்தான் லாயக்கு."

ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். என் கணக்கு ஒருநாளும் தப்பவில்லை, இரண்டு பேர் புகையில் விழாமல் இருக்க நான் கையை விட்டேன் என்று சொல்லியிருக்கலாம். அது அவருக்கு ஒரு காரணமாகவே தோன்றவில்லை. போனில் யாருடனோ பேசிக்கொண்டிருந்ததை ஒரு வேலை என்று எப்படிச் சொல்வது?

தெருமுனைக் கடைக்குப் போனார். ஒரு சிகரெட்டும் ஒரு தீப்பெட்டியும் வாங்கினார். கடையின் பின்பக்கப் படியில், அந்தக் கம்பிக் குவியலுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கட்டுப் போட்ட காலை நீட்டிக்கொண்டார். சிகரெட்டை உதட்டில் வைத்தார். தீப்பெட்டியைத் திறந்தார். அந்தக் காலுக்காக யாராவது அழப்போகிறார்களா என்று தோன்றியதாக என்னிடம் சொன்னார். வேறு ஒன்றும் தோன்றவில்லையாம்.

போன் அடித்தது.

பதினோரு மாதப் பழக்கம். குச்சியைக் கீழே போட்டார், சிகரெட்டை விரலுக்கு மாற்றினார், மூன்றாவது தடவை அடிப்பதற்குள் எடுத்தார்.

டிரைவர்தான். "காயிலு, ஏதாவது பேசுய்யா. டெப்போல உட்கார்ந்திருக்கேன். இன்னிக்கு எந்த மோட்டார்? உள்ள யார் குடியிருந்தாங்க?"

அவர் வாயைத் திறந்தார். சொல்வதற்கு மோட்டார் இல்லை, காயில் இல்லை, கரப்பான்பூச்சி இல்லை.

"எங்கிட்ட இன்னிக்கு ஒண்ணும் இல்லண்ணே. கையில சிகரெட்தான் இருக்கு."

டிரைவர் வாயாடுவதை விட்டுவிட்டு நேரே கேட்டார்.

"பத்த வெச்சாச்சா?"

"இல்ல."

"எங்க இருக்க?"

"கடைக்குப் பின்னாடி. நீங்க எதுக்குண்ணே, பஸ்ஸை விட்டுட்டு..."

"என் ட்யூட்டி முடிஞ்சுடுச்சுய்யா. அந்தச் சனியனைக் கையிலேயே வெச்சிரு. வாய்க்குக் கொண்டு போகாதே. வர்றேன்."

டெப்போவிலிருந்து அங்கே வர இருபது நிமிஷம் ஆகும். அதனால் பக்கத்துத் தெருவில் இருந்த சலூன்காரருக்குச் சொல்லியிருக்கிறார். சலூன்காரர் நான்கு நிமிஷத்தில் வந்துவிட்டார். தோளில் துண்டு, கையில் சோப்பு நுரை. வந்து படியில் உட்கார்ந்தார். புத்திமதி சொல்லிவிடக் கூடாதே என்ற பயத்தில் வாயை இறுக்கி மூடிக்கொண்டார். இருவரும் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் கையில் சிகரெட், ஒருவர் கையில் நுரை.

சற்று நேரத்தில் ஒரு மனிதர் கழுத்தில் வெள்ளைத் துணியோடு சந்தில் நுழைந்தார். முகத்தில் ஒரு பக்கம் மழமழவென்று இருந்தது, மறுபக்கம் நாலு நாள் தாடி.

"ஏம்பா, இப்படியேவா நான் வீட்டுக்குப் போறது?"

"கொஞ்சம் இருங்க சார். ஒரு அவசரம்."

"என்ன அவசரம்? ரெண்டு பேரும் சும்மாத்தானே உட்கார்ந்திருக்கீங்க."

"இவரு சிகரெட் பிடிக்கப் போறாரு சார். பிடிச்சா கால் போயிடும்."

அந்த மனிதர் காலைப் பார்த்தார், சிகரெட்டைப் பார்த்தார். பிறகு அவரும் படியில் ஓரமாக உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து, "பிடிக்கலைன்னா என்கிட்ட கொடுத்துடுங்களேன், வீணாப் போகுதே" என்றார். சலூன்காரர் பார்த்த பார்வையில் பேச்சை நிறுத்திக்கொண்டார்.

காயில்காரருக்குச் சிரிப்பு வந்தது. அது எனக்கு ஆச்சரியம். தனக்காக ஒருவர் பாதி சவரத்தை விட்டுவிட்டு வந்திருக்கிறார். அவர் எத்தனை வருஷமாகப் பயந்தாரோ அதேதான் நடந்திருக்கிறது. ஒருவருடைய வேலை நடுவிலேயே நின்றுபோயிருக்கிறது. வானம் இடிந்து விழவில்லை. முகத்தில் பாதி தாடியோடு ஒரு ஆள் உட்கார்ந்திருக்கிறார், அவ்வளவுதான்.

டிரைவர் வந்து சேர்ந்தபோது முதலாளியும் பேச்சுக் குரல் கேட்டுப் பின்பக்கம் வந்துவிட்டார். அவருடைய அக்காவும், புருஷனை இன்னும் காணோமே என்று தேடிக்கொண்டு வந்திருந்தார். டிரைவர் உட்கார இடம் தேடி, கம்பிக் குவியலைக் காலால் ஒதுக்கினார்.

"என்னய்யா இது?"

"மாமா கணக்குத் தப்பின கம்பி," என்றார் முதலாளி. "எத்தனை மாசத்துதோ."

சலூன்காரர் ஒரு சிக்கை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கணக்குத் தப்பினா, முழுசாச் சுத்தி முடிச்சப்புறம்தானே தெரியும்? இது எதுவும் முழுசு இல்லயே. ஒண்ணு பெருசு, ஒண்ணு சிறுசு. பாதி வெட்டுல எழுந்து ஓடின தலை மாதிரி இருக்கு." சொல்லிவிட்டு, பக்கத்தில் இருந்த பாதி முகத்தைப் பார்த்தார். பிறகு காயில்காரரைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். "அண்ணே, நாங்க கூப்பிடறப்போ நீங்க என்ன பண்ணிட்டு இருப்பீங்க?"

"சும்மாதான் இருப்பேன்."

"சும்மா இருக்கறவன் எங்கேயாவது மூணாவது தடவை அடிக்கறதுக்குள்ள எடுப்பானா? சும்மா இருக்கறவன்தான் நிதானமா எடுப்பான்."

அவர் மனைவி குவியலுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தார். ஒரு சிக்கை எடுத்து மடியில் வைத்தார். இன்னொன்றை எடுத்து வைத்தார். எண்ணவில்லை. "எங்கிட்டகூடச் சொல்லல" என்று மட்டும் சொன்னார்.

டிரைவரின் முகம்தான் ரொம்பக் கெட்டுப்போனது. "காயிலு, நான் ஒண்ணு சொல்லணும். பாதி நாள் எனக்கு சிகரெட் ஞாபகமே இருக்காதுய்யா. நீ அந்த மோட்டார் கதை சொல்ற பாரு, அதைக் கேட்கணும்போல இருக்கும். அதான் கூப்பிடுவேன். உன் பொழைப்பைக் கெடுத்துட்டேனே."

காயில்காரர் அதைக் கேட்டுக் கோபப்படவில்லை. அவர் வேறொன்றைப் பிடித்துக்கொண்டார். "என் பேச்சைக் கேட்கவா?" என்றார். நம்பாமல் இன்னொரு தடவையும் கேட்டார். "சிகரெட்டுக்காக இல்லாம, சும்மா என் பேச்சைக் கேட்கவா?"

"பின்ன? உன் குரலுக்கு என்னய்யா குறைச்சல்?"

முதலாளி தொண்டையைச் செருமினார். "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஆகாதா மாமா? போன் அடிச்சா எண்ணைச் சத்தமா சொல்லுங்க. நான் வந்து கம்பியைப் பிடிச்சுக்கறேன். இதுக்குப் போயி..." சிதறிக் கிடந்த ஒரு சிக்கை எடுத்து டப்பாவில் போட்டார். "நாளைக்குக் காயில்ல உட்காருங்க. உருவற வேலைக்கு வேற ஆள் பார்க்கலாம்."

பதினோரு மாதச் சிக்கலுக்கு வைத்தியம் இன்னொரு ஜோடிக் கைதான். கேட்டிருந்தால் முதல் நாளே கிடைத்திருக்கும். இதைச் சொல்வது சுலபம். கேட்கவே தெரியாத ஒருவருக்கு அது மலை ஏறுவது. எலும்பு முறிந்தவர்கள், வாதம் வந்து கை விழுந்தவர்கள், எத்தனையோ பேரைத் தூக்கி நிறுத்தியிருக்கிறேன். "கொஞ்சம் பிடிங்க" என்று வாய்விட்டுக் கேட்பதற்குள் சிலர் அடுத்த அடியில் விழுந்தே விடுவார்கள்.

சிகரெட்டை யாரும் பிடுங்கவில்லை. அவரே இரண்டாக ஒடித்து, வார்னிஷ் கழிவு வாளியில் போட்டார். பாதி முகக்காரர் ஒரு பெருமூச்சு விட்டார்.

"இனிமே நீ கூப்பிடணும்யா," என்றார் டிரைவர். "இதுவரைக்கும் ஒரு தடவையாவது கூப்பிட்டிருக்கியா?"

"நீங்க பஸ் ஓட்டிட்டு இருப்பீங்க."

"ஓட்டினா எடுக்க மாட்டேன். எடுத்தாலும் முடியாதுன்னு சொல்லுவேன். முடியாதுன்னு சொல்ல எனக்கு வாய் இல்லையா? உன்னைச் சொல்லணும், உனக்குத்தான் அந்த வார்த்தையே வராது."

"பார்க்கலாம்ணே."

பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். கூப்பிட மாட்டார் என்று நினைத்துக்கொண்டுதான் அன்றைக்கு எல்லோரும் வீட்டுக்குப் போனார்கள். ஒரு சாயங்காலம் தப்பித்தது. மறுநாள் காலைத் தேநீர் இருக்கிறது, அதற்கடுத்த நாள் இருக்கிறது. தனியாகப் பல்லைக் கடிப்பவர் எத்தனை நாள் கடிப்பார்?

மறுநாள் வியாழக்கிழமை, நான் கட்டுப் போடும் நாள். ஏழு மணிக்குப் போனேன். மனைவி வாசலிலேயே முந்தின நாள் கதையைச் சொல்லி முடித்துவிட்டார். உள்ளே அவர் தேநீர் குடித்து முடித்து, காலை முக்காலி மேல் வைத்துத் தயாராக இருந்தார். நான் பழைய கட்டைப் பிரித்தேன். புண் ஒரு மிளகு அளவுக்கு வந்திருந்தது. உப்புத் தண்ணீரில் துடைத்தேன். வழக்கம்போல் அவர் விரல்கள் சட்டைப் பைக்குப் போயின. நெற்றியில் வேர்த்தது. பஞ்சைப் பார்த்துக்கொண்டு வேலையைச் செய்தேன்.

போனை எடுத்தார். வைத்தார். மறுபடி எடுத்தார். பொத்தானை அழுத்தாமல் திரும்ப வைத்தார். மூன்றாவது முறை எடுத்தபோது முக்காலி மேலிருந்த கால் ஆடியது. நான் காலை அழுத்திப் பிடித்துக்கொண்டேன். அவர் அழுத்திவிட்டார்.

"அண்ணே, நான்தான்."

அந்தச் சின்ன அறையில் டிரைவரின் குரல் எனக்கே கேட்டது. "வண்டி கிளம்புதுய்யா, பெல் அடிச்சாச்சு. இப்ப முடியாது. சலூன்ல கேளு." அதோடு வைத்துவிட்டார்.

காரியம் கெட்டது என்று நினைத்தேன். ஐம்பத்து மூன்று வருஷத்தில் முதல் தடவையாக ஒரு கதவைத் தட்டியிருக்கிறார். அது முகத்திலேயே சாத்தியிருக்கிறது. மனைவி சமையலறை நிலையில் வந்து நின்றார், கையில் கரண்டியோடு.

அவர் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். வேர்வை புருவத்தில் இறங்கி வந்தது, துடைக்கவில்லை. பிறகு, அடுத்த நம்பரைத் தேடிக் கண்டுபிடித்து, அழுத்திக் காதில் வைத்தார். அந்தப் புறம் ஒரு தடவை அடித்தது, இரண்டு, மூன்று, நான்கு. எடுத்தார்கள்.

"தம்பி, நான்தான். பிடிக்கணும்போல இருக்கு." நிறுத்தினார். "ரொம்ப இருக்கு. அஞ்சு நிமிஷம் ஏதாவது பேசு."

சலூன்காரர் பேசத் தொடங்கினார். என்ன பேசினார் என்று எனக்குக் கேட்கவில்லை. இவர் ம் கொட்டினார். நான் புதுத் துணி வைத்துக் கட்டு சுற்றினேன், நாலு சுற்று, ஐந்து சுற்று. பிளாஸ்டரைக் கிழிக்கும் சத்தம் அவருக்கு இடைஞ்சலாக இருக்குமோ என்று கத்தரிக்கோலால் மெதுவாக வெட்டி ஒட்டினேன். கட்டி முடித்த பிறகும் காலை உடனே இறக்கச் சொல்லத் தோன்றவில்லை. உள்ளங்கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பாதம் சூடாக இருந்தது.

ஆறு நிமிஷம் ஆனது. போனை வைத்துவிட்டு, செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு, வேலைக்குக் கிளம்பினார்.